எல்லா வண்டியும் இடமிருந்து வலம்

எனக்குக் கல்யாணம் பேசியபோது என் படிப்பில் ஒரு வருஷத்தைக் குறைத்துச் சொன்னார்கள். வயதைக் குறைத்துச் சொல்வார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் படிப்பையும் குறைப்பார்கள். மாப்பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி., பம்பாயில் ரயில்வே வேலை. நானோ அதற்கு மேல் ஒரு வருஷம் பாளையங்கோட்டையில் கணக்குப் பாடம் எடுத்துப் படித்து, பி.யு.சி. முடித்திருந்தேன். பெண் ஒரு படி கூடப் படித்தவள் என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று வீட்டில் பயந்தார்கள்.

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸுன்னு சொல்லுவோம். அதுவும் பாஸ்தானே, இதுல பொய் எங்க இருக்கு?" என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாமல் கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிற மனுஷர் அவர். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்த வீட்டில் பத்தொன்பது வயதுப் பெண்ணின் கோபத்தை யாரும் சட்டை செய்வதில்லை. மார்க் சீட்டை நாலாக மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்கும் கீழே வைத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறினேன்.

அறுபதுகளின் நடுவில் அது. தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் நிறைந்த சந்தில் ஒரே ஒரு அறை. கோலி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கதவைத் திறந்தால் எதிரே தோல் பை தைக்கிற பட்டறை. முதல் மாதம் அந்த வாடையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் மாதம் மூக்குக்குப் பழகிவிட்டது. மூன்றாம் மாதம் அவரும் பழகிவிட்டார்.

அவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரை. பெயரைச் சொல்லும் வழக்கம் அப்போதும் இல்லை, இந்த வயதில் புதிதாகத் தொடங்குவதாகவும் இல்லை. மாட்டுங்காவில், தண்டவாளத்தைப் பராமரிக்கிற பிரிவில் அவருக்கு வேலை. இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நோட்டும் பென்சிலுமாக லைன் ஓரமாகவே நடந்து, எங்கே தண்டவாளத்துக்கு அடியில் கட்டை இற்றிருக்கிறது, எங்கே ஜல்லி இறங்கியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்த வேலையை அவர் காதலித்தார் என்றே சொல்லலாம். என்னிடம்கூட அவ்வளவு ஆசையாகப் பேசியதில்லை, தண்டவாளத்தைப் பற்றிப் பேசியது போல.

நல்ல மனுஷர். குழம்பில் உப்பில்லை என்றால் சத்தம் காட்டாமல் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். ஆனால் அவர் சொன்ன ஒன்றைத் தப்பு என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. செம்பூருக்குப் போகிற பஸ் நம்பர் அதுவல்ல என்று ஒருமுறை தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். மூன்று நாள் பேச்சில்லை. நான் சொன்ன பஸ்ஸில்தான் போனோம், அது வேறு விஷயம்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. இன்ஸ்பெக்டர் பயிற்சிக்கு ஆள் எடுக்க ரயில்வேக்குள்ளேயே ஒரு பரீட்சை வைப்பார்கள். மூன்று தடவை எழுதலாம், அதற்கு மேல் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை எழுதித் தவறியிருந்தார். நான் வந்த நாலாம் மாதம் இரண்டாவது முறை எழுதினார். அதிலும் போயிற்று. இரண்டு முறையும் காலை வாரியது கணக்குப் பேப்பர்தான்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் ஒருக்காதான் இருக்கு. அதும் போச்சுன்னா மலைக்கு மாத்திருவாங்களாம். ஆபீஸ்ல பெரிய சாப் சொல்லிட்டாரு" என்றார்.

"மாத்துனா என்ன, அங்க போய் இருப்போம்."

"அங்க குடும்பத்துக்கு வீடு கிடையாது. லைன் பக்கத்துல தகரக் கொட்டகை. ஆம்பளையளா ஆறு பேரு. நீ ஊருக்குத்தான் போணும்."

கர்ஜத்துக்கு அப்பால் ரயில் மலையேறுகிற இடத்தைத்தான் சொன்னார். அவர் மலையில், நான் ஊரில் மாமனார் வீட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை அவர் லீவில் வருவார். எங்கள் ஊரில் அப்படி வாழ்ந்த பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். கடுதாசிக்காரனைப் பார்த்தே தலை நரைத்தவர்கள். நான் அப்படி ஆகமாட்டேன் என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன். அன்பு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். நிஜத்தில் பாதிக்கு மேல் பயம்.

மறுநாள் அவர் டியூட்டிக்குப் போனதும் அலமாரியிலிருந்து கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். எழுதிய விடைகளை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். பரப்பளவு, சதவீதம், வேலை-ஆள் கணக்கு எல்லாம் சரி. கோடுகள் பற்றிய பகுதிதான் சுத்தமாகப் போயிருந்தது. 3x + 4y = 12 என்ற கோட்டின் சாய்வு என்ன என்று ஒரு கேள்வி. நாலின் கீழ் மூன்று என்று, 4/3 போட்டிருந்தார். சரியான விடை மைனஸ் மூன்றின் கீழ் நாலு. அடுத்த கேள்வியிலும் அதே மாதிரி தலைகீழ், அங்கேயும் மைனஸைக் காணோம். அதற்கு அடுத்ததிலும் அப்படியே.

கவனப்பிசகு என்றால் ஒன்று தப்பும், ஒன்று சரியாக இருக்கும். எல்லாமே ஒரே மாதிரி கவிழ்ந்திருந்ததால், இந்த மனுஷர் மனசில் ஏதோ ஒன்று ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. அது என்னவென்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து லைன் ஓரமாக நடந்து வந்தோம். அவர் ஒரு கம்பத்தைக் காட்டினார். வெள்ளையடித்த கம்பம், இரண்டு பக்கமும் இரண்டு கைகள். ஒரு கை மேலே தூக்கியிருந்தது, ஒன்று தாழ்ந்திருந்தது. கையில் எண் எழுதியிருந்தது.

"இந்தா பாரு, இந்தக் கை தூக்கி இருக்குல்லா, அந்தப் பக்கம் ஏத்தம். இருநூறுன்னு போட்டிருக்கு. இருநூறு அடி போனா ஒரு அடி ஏறும்" என்றார்.

"அப்ப நூறுன்னு போட்டிருந்தா?"

"நூறுன்னா இதவிட ஏத்தம்லா! மலையில முப்பத்தேழு. முப்பத்தேழுன்னா சும்மாவா, பின்னால எஞ்சின் போட்டுத் தள்ளணும்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். பாடப்புத்தகத்தில் சாய்வு என்றால், கோடு எவ்வளவு ஏறியதோ அதை எவ்வளவு குறுக்கே போனதோ அதால் வகுப்பது. எண் பெரிதானால் ஏற்றமும் பெரிது. ரயில்வேக்காரருக்கு ஏறுவது எப்போதும் ஒரே ஒரு அடிதான். குறுக்கே எவ்வளவு போக வேண்டும் என்பதை மட்டும் சொல்வார்கள். அதனால் அவர்களுக்கு எண் சிறிதானால்தான் ஏற்றம் பெரிது. பத்து வருஷமாக அந்தக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் மூன்றின் கீழ் நாலு என்று எப்படி எழுதுவார்? குறுக்கே போனதை மேலே போட்டு, ஏறியதைக் கீழே போட்டிருக்கிறார்.

"அப்ப இந்த மைனஸ் எல்லாம்..." என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "இது ஏத்தமா இறக்கமான்னு எப்பிடிச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"அதெப்பிடிச் சொல்ல முடியும்? கல்யாண் போற வண்டிக்கு ஏத்தம். திரும்பி வார வண்டிக்கு அதே இறக்கம்" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

மைனஸ் காணாமல் போன இடமும் தெரிந்துவிட்டது. நேரே சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? தப்பு என்று சொன்னதற்கு மூன்று நாள் மௌனம். அது போகட்டும். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பார். எஸ்.எஸ்.எல்.சி.யில் இந்தப் பாடம் கிடையாது, அது அவருக்கும் தெரியும். அப்புறம் டிரங்குப் பெட்டியின் அடிவரை போக வேண்டியிருக்கும். என் அப்பாவின் வாக்கு காற்றில் பறக்கும். ஏமாற்றிக் கட்டி வைத்தார்கள் என்று செம்பூரில் இருக்கிற அவர் அண்ணன் வீட்டில் பேசுவார்கள்.

ஒரு வாரம் யோசித்தேன். பிறகு ஒரு சாயங்காலம், அவர் புத்தகத்தைத் திறந்ததும் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பகல் பூரா பொழுதே போகல. நீங்க படிக்கத எனக்குஞ் சொல்லித்தாங்களேன்."

"கணக்கையா?" என்று சிரித்தார்.

"ஏன், எனக்கு வராதா?"

"வரும், வரும். சும்மா காலிபீலி உக்காந்திருக்கதுக்கு இது தேவலைதான்."

இப்படியாக நான் என் வீட்டுக்காரரிடம் மாணவியாகச் சேர்ந்தேன். நாள்தோறும் விளக்கேற்றினதிலிருந்து சோறு வேகிற வரைக்கும் வகுப்பு. பழைய வருகைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவோம். புத்தகம் எப்போதும் அவர் பக்கம் பார்த்து இருக்கும். நான் எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே வாசித்துக்கொள்வேன். ஒரு மாதத்தில் எந்த எழுத்தையும் தலைகீழாகப் படிக்க வந்துவிட்டது எனக்கு.

சிக்கல் என்னவென்றால், தன் தப்பையே நான் செய்தால் அது தப்பென்று அவருக்கு எப்படித் தெரியும்? சரி என்று டிக் போட்டுவிடுவார். அதனால் கண்ணால் பார்த்தே தெரிகிற மாதிரி ஒன்றைக் கேட்டேன். ஒய் சமம் இரண்டு எக்ஸ் ஒரு கோடு, ஒய் சமம் ஐந்து எக்ஸ் ஒரு கோடு. எது ரொம்ப ஏத்தம்?

"ரெண்டு எக்ஸ்தான், சின்ன எண்ணுலா. இதென்ன கேள்வி?"

"எனக்கு விளங்கல. வரைஞ்சு காட்டுங்க."

அளவுகோலை எடுத்தார். எக்ஸ் ஒன்று என்றால் முதல் கோட்டில் ஒய் இரண்டு, அடுத்த கோட்டில் ஒய் ஐந்து. புள்ளி வைத்தார், கோடு இழுத்தார். இழுத்த பென்சில் அப்படியே நின்றது. ஐந்து எக்ஸ் கோடு சுவரில் சாத்திய ஏணி மாதிரி விறைத்து நின்றது. இரண்டு எக்ஸ் அதற்குக் கீழே கிடந்தது.

நான் எழுந்து போய் அரிசி களைந்தேன். இரண்டு தண்ணீர் போதும், நாலு தண்ணீர் களைந்தேன்.

"ஏட்டி, இங்க வா" என்றார் கடைசியில். "புஸ்தகத்துக்காரன் நமக்குத் தலைகீழா எழுதுதான். நாம குறுக்க போறதச் சொல்லுதோம். அவன் மேல ஏறுததச் சொல்லுதான். ஒரு அடி குறுக்க போனா எத்தன அடி ஏறுதுன்னு. அதான் விஷயம்."

"அப்படியா!" என்றேன்.

அந்த 'அப்படியா'வைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம் பழைய வினையை, 3x + 4y = 12 என்பதை, நானே எடுத்து நீட்டினேன். முகம் சுருங்கிற்று, ஆனால் உட்கார்ந்தார். சமன்பாட்டிலிருந்து சாய்வைக் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான். ஒய்யை ஒரு பக்கம் தனியாக நிறுத்த வேண்டும். மற்றதெல்லாம் அடுத்த பக்கம். அப்போது எக்ஸுக்கு முன்னால் நிற்கிற எண்தான் சாய்வு. புத்தகத்தில் இதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அவர் ஒரே வரியில் சொன்னார்.

"ஒய்யைத் தனிக்குடித்தனம் வைக்கணும். கூட எவனும் இருக்கப்படாது. நாலுகூட இருக்கப்படாது. நம்மள மாதிரி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனுஷரை மலைக்கு அனுப்பிவிட்டு நான் எப்படி இருப்பேன் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

மூன்று எக்ஸை அந்தப் பக்கம் அனுப்பினால் மைனஸ் ஆகும். எல்லாவற்றையும் நாலால் வகுத்தால் ஒய் சமம் மைனஸ் முக்கால் எக்ஸ், கூட்டல் மூன்று. சாய்வு மைனஸ் முக்கால். அதுவரை வந்துவிட்டார். மைனஸைப் பார்த்ததும்தான் தயங்கினார்.

"இந்த மைனஸ் எனக்கு ஒத்து வரல. அந்தப் பக்கமிருந்து வந்தா இதே கோடு ஏத்தம்லா?"

எனக்கும் இதற்குப் பதில் தெரியாது. நிஜமாகவே தெரியாது. பி.யு.சி.யில் சூத்திரத்தை மனப்பாடம் பண்ணி எழுதியவள் நான். மைனஸ் ஏ பை பி, கேள்வி கேட்காதே, எழுது. அதனால் நடிக்காமலேயே கேட்டேன். "இந்தப் படத்துல வண்டி எந்தப் பக்கமா போகுது?"

"எந்தப் பக்கமும் போகலாம்."

"அப்ப விடை ரெண்டு இருக்கணும்லா. புஸ்தகத்துல ஒண்ணுதான போட்டிருக்கு."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படத்தையே பார்த்தார். கீழே வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வலது பக்கமாக எண்கள் போட்டிருந்தன. அதன் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். லைன் ஓரமாக அவர் நடக்கும்போது அப்படித்தான் நடப்பார், ஒவ்வொரு கட்டையாகப் பார்த்து.

"எண்ணு இந்தப் பக்கமாத்தான கூடுது. அப்ப இந்த ஊர்ல எல்லா வண்டியும் இடமிருந்து வலந்தான். திரும்பி வார வண்டியே கிடையாது. இடமிருந்து வாரவனுக்கு இந்தக் கோடு இறக்கம். இறக்கம்னா மைனஸ். அவ்வளவுதாம்ட்டி!"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நல்ல மார்க் வாங்கி எழுதிய ஒன்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அதை இங்கே ஒப்புக்கொள்ளாவிட்டால் அநியாயம். அந்த ஒரு வரியை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அதன் பிறகு விளங்கியது கையில் பதிய வேண்டும். பத்து வருஷப் பழக்கம் ஒரு நாளில் போகாது. அவசரமாக எழுதினால் அவர் கை இன்னும் தலைகீழாகத்தான் போயிற்று. ஆகவே அவருடைய தப்பை நான் எடுத்துக்கொண்டேன். அவர் போடுகிற கணக்கை எல்லாம் தலைகீழாக எழுதி, மைனஸை விழுங்கி, திருத்தக் கொடுப்பேன்.

"மறுபடியும் கவுத்துட்டியே! மேல ஏறுதது மேல, குறுக்க போறது கீழ. எத்தன தரம் சொல்லுதேன்!" என்று பென்சிலால் அடித்துத் திருத்துவார். திருத்தும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வேன். நாளுக்கு ஐந்து தப்பு, ஆறு தப்பு. எந்த மாணவியும் இவ்வளவு சிரத்தையாகத் தப்புச் செய்திருக்கமாட்டாள்.

ஒருநாள் மட்டும் ஞாபகமறதியாகச் சரியாக எழுதிவிட்டேன். நாலு கணக்கும் சரி. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னட்டி, இன்னைக்கு ஒண்ணுகூடத் தப்பில்ல?"

"நீங்க சொல்லிக்குடுத்ததுதான" என்றேன் சட்டென்று. அடுத்த கணக்கை நன்றாகவே கவிழ்த்து எழுதினேன். அவருக்கு நிம்மதி.

விளையாட்டாகத்தான் சொல்லுகிறேன், ஆனால் வலிக்கவும் செய்தது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி எழுத எழுத, ஒரு கட்டத்தில் நான் உண்மையிலேயே பி.யு.சி. படித்தேனா என்றே சந்தேகம் வந்தது. ஒரு பகலில் அவர் இல்லாதபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து மார்க் சீட்டை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. மறுபடி மடித்து வைத்தேன்.

பரீட்சை மழைக்காலத்தில் வந்தது. சந்து முழுக்கத் தண்ணீர். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, பேனாவைச் சட்டைப்பையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"கோட்டுக் கணக்கு மூணு வந்துச்சு. முதல் கணக்குல என் கை கவுத்து எழுதப் போச்சு. டக்குன்னு உன் ஞாபகம் வந்துச்சு. நீ இதே இடத்துலதான தப்பு விடுவ? நிறுத்திட்டேன். உன் தப்பு என்னையக் காப்பாத்திட்டுட்டி!"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. பாஸ். மாற்றல் பேச்சு நின்றுவிட்டது. பயிற்சி வகுப்பும் மாட்டுங்காவிலேயே. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நான் அழுததைப் பார்த்து, "பாஸ் ஆனவன் நானா, நீயா?" என்று கேட்டார். இரண்டு பேரும்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அந்த ஞாயிறு கோயிலிலிருந்து நேரே செம்பூருக்கு, அவர் அண்ணன் வீட்டுக்குப் போனோம். காலனியில் நல்ல வீடு, மின்விசிறி, நாற்காலிகள். சாப்பாடு ஆனதும் பேச்சு பரீட்சைக்கு வந்தது.

"எப்பிடிலே இந்தத் தடவ தேறுன?" என்றார் அண்ணன்.

"இவளுக்குச் சொல்லிக்குடுத்துச் சொல்லிக்குடுத்தே எனக்கு வந்துட்டு" என்றார் இவர். "நாலு மாசம். நூறு தரம் சொன்னாலும் தலைகீழாத்தான் எழுதுவா. இன்னைக்கு வரைக்கும் வரல அவளுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். "பொம்பளைக்கு எதுக்கு அந்தக் கணக்கெல்லாம்?" என்றாள் அண்ணன் பெண்டாட்டி, எனக்குப் பரிந்து பேசுகிறாளாம். அவரும் சிரித்துக்கொண்டே என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் இருந்தார். ஆனால் எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது. நாலு மாதம் பொறுத்தேன், அந்த ஒரு தட்டு பொறுக்க முடியவில்லை.

கோலிக்குள் வந்ததும் டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். மார்க் சீட்டையும், அலமாரியிலிருந்த அந்தப் பழைய கேள்வித்தாளையும் எடுத்து அவர் முன்னால் பாயில் வைத்தேன்.

"இது என் படிப்பு. பி.யு.சி., கணக்குல நூத்துக்கு எம்பத்தொம்பது. ஊர்ல உங்களுக்குக் குறைச்சுச் சொன்னாங்க, அது எங்க அப்பா செஞ்சது. இது போன பரீட்சையில நீங்க எழுதுனது. உங்க கையெழுத்துதான, பாருங்க. தலைகீழா எழுதுனது யாரு? நான் எழுதுனதெல்லாம் உங்க தப்பு. உங்ககிட்ட இருந்து எடுத்து உங்களுக்கே காட்டுனேன்."

இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அப்ப நாலு மாசமா என்னைய வச்சு விளையாடியிருக்க."

"விளையாடல. ஊருக்குப் போக எனக்குப் பயமா இருந்துச்சு."

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரை மணி கழித்து வந்தார், சாப்பிட்டார், ஒரு வார்த்தை இல்லை.

வழக்கமான மூன்று நாள் கழிந்தது, நாலாவது நாளும் கழிந்தது. காலையில் குழாயடியிலிருந்து தண்ணீர் பிடித்து வைப்பார். டிபன் டப்பாவை எடுத்துக்கொள்வார். பயிற்சி வகுப்பு முடிந்து வருவார். என் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். மார்க் சீட்டு பாயில் வைத்த இடத்திலிருந்து அலமாரிக்கு, அவருடைய காகிதங்களோடு போயிருந்தது. கிழித்துப்போடவில்லை என்று அதைப் பார்த்துத்தான் தைரியமாக இருந்தேன். சொன்னதற்காக வருத்தப்பட்டேனா என்றால், இல்லை. அவர் பேசாமல் இருந்ததற்காக வருத்தப்பட்டேன். ஒரே அறைக்குள் இருந்துகொண்டு அவர் ஏதோ மலைக் கொட்டகையில் இருக்கிற மாதிரிதான் இருந்தது. எதற்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ அதுவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம். புதுப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தண்டவாளத்தின் வளைவுகளை அளக்கிற பாடம். ரொம்ப நேரமாக ஒரே பக்கம் திறந்திருந்தது. எதிர்ப் பட்டறையில் விளக்குப் போட்டார்கள். நான் ஸ்டவ்வில் சோறு வைத்திருந்தேன்.

எழுந்து உள்ளே வந்தார். என் எதிரே தரையில் உட்கார்ந்தார். புத்தகத்தைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, அதை மெல்லத் திருப்பினார். எழுத்துகள் என் பக்கம் பார்த்து வந்தன.

"எனக்கு இது விளங்கல" என்றார். "நீ சொல்லு."

கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அண்ணனிடமோ, அந்தப் பெரிய அதிகாரியிடமோ சொல்லியிருப்பார் என்றும் தோன்றவில்லை. பக்கம் முழுவதும் கலங்கிப்போய்த் தெரிந்தது எனக்கு. நேராக இருந்தும் ஓர் எழுத்தையும் படிக்க முடியவில்லை.

"சோறு கொதிக்கு. வடிச்சிட்டு வாரேன், இருங்க" என்றேன்.

"இருக்கேன்" என்றார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து என் பக்கமாக வைத்தார்.

அன்றைக்குச் சோறு வடிய வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட நேரம் பிடித்தது.